நாற்பத்தொன்றாவது பாட்டு

ஸ்கேன் சென்டரில் அன்று கூட்டம் இல்லை. ரிஹானா மூன்று ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்து டாக்டரின் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் வழக்கம்போல, இணையத்தில் தான் நடத்தும் விக்கியை ஒரு எட்டுப் பார்த்தாள். பார்த்தவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. 'ஆறு நாற்பது' என்ற பக்கத்தின் தலையில் யாரோ சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். இந்தப் பாட்டு இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஏழு நாளில் கிடைக்காவிட்டால் பக்கம் அழிக்கப்படும் என்றது பட்டை.

அந்த வாசகத்தை எழுதியவளே அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், அடுத்தவர்கள் பக்கங்களில் ஒட்டுவதற்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. அது ஒருநாள் தன் வீட்டுக் கதவிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நினைத்தும் பார்த்ததில்லை.

தாள விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. பாட்டு ஓடும், திரையில் அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும், அவை கோட்டைத் தொடும் அந்த நொடியில் தரையில் விரித்த ஷீட்டின் அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். முந்தினாலும் மதிப்பெண் போச்சு, பிந்தினாலும் போச்சு. இந்த மாதிரி விளையாட்டுகள் உலகத்தில் நூற்றுக்கணக்கில் வந்து போயிருக்கின்றன. எந்த விளையாட்டில் என்ன பாட்டு, யார் இசை, எத்தனை அம்பு, எந்தப் பதிப்பில் வந்து எந்தப் பதிப்பில் காணாமல் போனது என்று ரசிகர்களே எழுதிச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியம்தான் ரிஹானாவின் விக்கி. நாலாயிரத்து முந்நூறு பக்கம். எழுதுகிறவர்கள் எட்டுத் தேசத்துக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அங்கே அவள் பெயர் 'செக்காலை'. குடியிருக்கும் தெருப் பக்கத்துப் பெயரையே வைத்துவிட்டாள். ஒருமுறை பின்லாந்துக்காரர் ஒருவர், இது எங்கள் மொழிச் சொல் மாதிரி இருக்கிறதே, நீங்கள் எங்கள் ஊரா என்று கேட்டு எழுதினார். இல்லை, இது காரைக்குடியில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் என்று அவள் பதில் போட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, அதற்குப் பிறகு அவளிடம் மரியாதை கூடிவிட்டது.

பட்டையை ஒட்டியவர் போலந்தில் இருக்கும் டோமாஸ். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். டோமாஸ் தங்கமான மனிதர், அதுதான் வினை. 'காமெட் ஸ்டெப்' விளையாட்டின் அசல் சிடிக்களை ஐந்து நாடுகளிலிருந்து தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டிருந்தார். எல்லாவற்றிலும் நாற்பது பாட்டு. நாற்பத்தொன்றாவது எதிலும் இல்லை. மூடிப்போன அந்தக் கொரியக் கம்பெனியில் வேலை செய்த ஒருவரையும் விசாரித்திருந்தார். 'ஆறு நாற்பது' என்று நாங்கள் எதுவும் செய்யவில்லை என்று அந்த மனிதர் சொல்லிவிட்டாராம். 'மன்னிக்கவும் செக்காலை, விதி உங்களுடையதுதான்' என்று கடைசி வரியில் டோமாஸ் எழுதியிருந்தார்.

விதி அவளுடையதுதான். ஆனால் அந்தப் பாட்டும் அவளுடையது. நாலாயிரத்து முந்நூறு பக்கத்தில் முதலில் எழுதப்பட்ட பக்கம் அது. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் விக்கியே பிறந்தது. அது போனால் தன் பதினாறு வயதில் நடந்ததெல்லாம் பொய் என்று நாலு பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்தது மாதிரி ஆகிவிடும் என்று ரிஹானாவுக்குத் தோன்றியது. டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

ரிஹானாவின் அத்தா மீரான் சாகிபு கோலாலம்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். 2005 கடைசியில் ஊருக்கு வந்தபோது எல்லோருக்கும் போர்வையும் தைலமும் கொண்டுவந்தவர், மகளுக்கு மட்டும் சுருட்டிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்றும் ஒரு சிடியும் கொண்டுவந்தார். கடைக்காரன் உடம்புக்கு நல்லது என்றானாம். ஷீட்டின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி சிடியைப் போட்டால் காமெட் ஸ்டெப். அன்றிலிருந்து மாடி அறை ரிஹானாவுக்கும் மெர்சிக்கும் சொந்தமானது.

மெர்சி பள்ளத்தூர். அவள் அப்பா சேசுராஜ் அங்கே வாத்தியார். ப்ளஸ் ஒன்னில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, செக்காலையில் ஒரே இடத்தில் கணக்கு டியூஷன். டியூஷன் ஐந்து மணிக்கு முடியும். பள்ளத்தூருக்கு மெர்சியின் பஸ் ஆறு நாற்பதுக்கு. நடுவில் இருக்கிற ஒன்றரை மணிச் சொச்சம் முழுக்க ஆட்டம்தான். ஆளுக்கு ஒரு பாட்டு, தோற்றவள் கீழே போய் டீ எடுத்து வர வேண்டும். கீழ்வீட்டில் இருந்த ரிஹானாவின் அம்மா ஹாஜிரா தலையில் சுண்ணாம்பு உதிர்ந்தால் படியேறி வந்து நிற்பாள்.

"ரெண்டு பேரும் அங்குட்டு என்ன நெல்லா குத்துறீக? வீடு தாங்குமா, இல்ல சொல்லிருங்க, நான் வெளிய போய் உக்காந்துக்கறேன்."

"இன்னும் ஒரே ஒரு பாட்டுமா" என்பாள் மெர்சி. அவள் சொன்னால் ஹாஜிரா இறங்கிப் போய்விடுவாள். மெர்சிக்கு அந்த முகராசி இருந்தது.

பிப்ரவரி முடிவதற்குள் ரிஹானா நாற்பது பாட்டிலும் ஓர் அம்புகூட விடாமல் முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள். வாங்கியவள் குதிக்கவில்லை, ஷீட் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். இனிமேல் என்ன இருக்கு, எல்லாம் தீந்துபோச்சு என்று ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பட்டியலை உருட்டியபோது, நாற்பதுக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. 6:40. பக்கத்தில் இசையமைப்பாளர் பெயர் இல்லை.

அது மற்றப் பாட்டுகள் மாதிரி தடதடவென்று ஓடவில்லை. கீபோர்டில் யாரோ தனியாக உட்கார்ந்து வாசித்தது மாதிரி மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, கடைசியில் ஓட்டமாக ஓடி, ஒன்றே முக்கால் நிமிஷத்தில் பட்டென்று நின்றுவிடும். அம்புகளோ ரிஹானாவின் கால் எங்கே போக ஆசைப்படுமோ அங்கேயே வந்து நின்றன. நாற்பதையும் முடித்தவர்களுக்குக் கம்பெனிக்காரன் ஒளித்துவைத்த பரிசு இது என்று ரிஹானா கத்திய கத்தலில் ஹாஜிரா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். நம்ம பஸ் நேரத்தையே பேரா வச்சிருக்கான் பாரு, கொரியாவுல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும் என்று மெர்சியைப் பிடித்து உலுக்கினாள். மெர்சி சிரித்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டர் இடியில் செத்துப்போனது. ரிஹானா கல்லூரியில் இருந்தபோது, அந்தப் பாட்டைத் தேடினால் இணையத்தில் எங்கேயும் இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. 2009-ல் பிரவுசிங் சென்டரில் மெர்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இலவச விக்கி ஒன்றைத் தொடங்கி, மனப்பாடமாக இருந்த அம்புகளை வரிசையாக எழுதி, முதல் பக்கத்தைப் போட்டாள். மெர்சிக்கும் ஒரு கணக்கு உண்டாக்கினார்கள். அவள் பத்துப் பதினைந்து பக்கம் எழுதினாள். பிறகு கல்யாணம், பஹ்ரைன், கடவுச்சொல் மறந்துபோச்சு என்று ஒரு சிரிப்பு, கொஞ்சநாள் போன், பிறகு அதுவும் இல்லை. கல்யாணமானால் அப்படித்தான் என்று ரிஹானா சமாதானம் சொல்லிக்கொண்டாள். மெர்சி இரண்டு வருஷத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டாள் என்று தெரியும். ஒருநாள் செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடையில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து ரிஹானா காரணம் இல்லாமல் பாத்திரத்தை வேகமாகத் துலக்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஒட்டிய பட்டைக்கு வெள்ளிக்கிழமை வரை ஆதாரம் தேடினாள். பழைய இரும்புக் கடையில் பதினேழு வருஷத்துக்கு முந்தைய ஹார்டு டிஸ்க் இருக்குமா என்றுகூடப் போய்க் கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில், பக்கம் எவ்வளவு பழையது என்றாவது டோமாஸுக்குக் காட்டுவோம் என்று அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தாள். ஒரு விக்கியில் எழுதியது எதுவும் மறைவதில்லை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கும்.

2014-க்கு வந்தாள். அந்த வருஷத்தை அவளால் மறக்க முடியாது. காணாமல் போன பாட்டு என்று எவனோ வீடியோ போட்டு அது பரவி, ஒரே வாரத்தில் அறுபது பேர் அந்தப் பக்கத்தில் வந்து இசை நான்தான், என் மாமாதான், என் நாய்தான் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறி, விதியையும் சிவப்புப் பட்டையையும் எழுதினாள். திருத்தம் வரவர, பெயரைக்கூடப் படிக்காமல், ஒரே பொத்தானில் அறுபதையும் அழித்தாள். அதைப் பெருமையாகப் பல பேரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அந்த அறுபதில் நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஒரு திருத்தம். கணக்கில் நுழையாமல் வெளியிலிருந்து செய்தது. 'இசை: தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'இசை: மெர்சி சேசுராஜ், பள்ளத்தூர்' என்று மாற்றியிருந்தது. திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்: 'ரிஹா, இது நான்தான்.'

அடுத்த வரி நாலு நிமிஷம் கழித்து. செக்காலை திருத்தத்தை நீக்கினார். காரணம்: 'ஆதாரம் எங்கே? விளையாட இது இடம் இல்லை.' அதற்கடுத்த வரி, கணக்கு இல்லாதவர்கள் திருத்த முடியாதபடி செக்காலை பக்கத்தைப் பூட்டினார்.

ரிஹா என்று அவளைக் கூப்பிட்டது உலகத்தில் ஒருத்திதான். விக்கியில் அவளுடைய பெயரே யாருக்கும் தெரியாது. ரிஹானா அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. அன்று சாயங்காலம் ஒருவருடைய வலது சிறுநீரகத்தை இடது என்று அடித்துவிட்டாள். டாக்டர் கையெழுத்துப் போடும்போது கவனித்துக் கூப்பிட்டார். பதிமூன்று வருஷ வேலையில் அவளுக்கு அது முதல் தடவை.

வீட்டில் கணவன் அன்வர் சாதிக் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, யாரும் மௌத்தா போயிட்டாகளா?" என்றான்.

"இல்லைங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பதினோரு வருஷமாச்சு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

"பதினோரு வருஷம் தாங்குன தப்புதானே. சோத்தத் தின்னுட்டு அழுகலாம் வா."

அவள் சாப்பிட்டுவிட்டு அழுதாள். முழுக்கக் கேட்டபின் அவன், காலையில் எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் கேட்டான்.

பள்ளத்தூரில் மெர்சி வீட்டுக் கேட்டைத் திறந்தவர் சேசுராஜ். ஓய்வுபெற்றும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது.

"ரிஹானாவா? எம்புட்டு நாளாச்சும்மா. இங்குட்டு வா, வெயில்ல நிக்காத. அத்தா அம்மா சௌக்கியமா?"

"நல்லா இருக்காக சார். நீங்க எப்படி இருக்கீக?"

"இருக்கேன். மெர்சி, யாரு வந்துருக்கா பாரு."

மெர்சி உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இவளைப் பார்த்ததும் துடைப்பது நின்றது. சேசுராஜுக்கு என்ன தோன்றியதோ, பழம் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரிஹானா உட்காரவில்லை. வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. "நீ எழுதுனத நேத்துத்தான்டி பாத்தேன்" என்றாள். "2014-ல எழுதுனத. நேத்து."

"நேத்தா" என்றாள் மெர்சி. "நாலு நிமிசத்துல பதில் போட்டியே."

"படிக்கவே இல்லடி. எவளோ எவனோன்னு அழிச்சேன். அன்னைக்கு அறுபது பேரு வந்தாங்க. நீயும் அதுல ஒருத்தியா வந்து நிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு போன் பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல."

"பண்ணத்தான் இருந்தேன். அன்னைக்குக் கோவம். மறுநாள் ரோசம். அப்புறம் பாத்தா வருசம் ஓடிருச்சு." மெர்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பஹ்ரைன்ல ஒத்தையா உக்காந்து அந்த வீடியோவ பாத்தேன்டி. எவனோ எந்த ஊருக்காரனோ எம்பாட்டத் தேடிக்கிட்டு இருக்கான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. சரி, ரிஹாவுக்கு இப்பவாவது சொல்லிருவோம்னு எழுதுனேன். ஆதாரம் எங்கன்னு கேட்டுட்டே. எங்கிட்ட. ஆதாரம்."

ரிஹானா மன்னிச்சுக்க என்று சொல்ல வந்தது பாதியில் நின்று, அழுகையாக வெளியே வந்தது. மெர்சி எழுந்துவந்து தோளில் ஓர் அடி அடித்தாள், வலிக்கும்படியே அடித்தாள். அந்த ஓர் அடியில் பாதிக் கணக்கு தீர்ந்தது.

பிறகு மெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த விளையாட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஒலிக்கோப்பும், எந்த நொடியில் எந்த அம்பு என்று எழுதிய ஒரு சாதாரண எழுத்துக்கோப்பும் இருப்பதை, ரிஹானா டீ எடுக்கக் கீழே போன நாள்களில் அவள் துழாவிக் கண்டுபிடித்திருந்தாள். கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவள் அவள்தான். பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் வாசித்து, அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து, இரண்டு ஞாயிறு உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு அம்புகளை நோட்பேடில் ஒவ்வொன்றாக எழுதி, அப்பாவின் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீ குப்புறப் படுத்துக் கெடந்தது பாக்கச் சகிக்கல. அதான். ஆடி முடிச்ச ஒடனே நான்தான்னு சொல்லணும்னு இருந்தேன். நீ குதிச்ச குதிய பாத்துட்டு வாய் வரல. கொரியாக்காரன் ஒனக்குன்னு ஒளிச்சு வச்ச பரிசுன்னு நெனச்சுட்டே. நான்னு சொன்னா சப்புன்னு போயிருமோன்னு பயம்."

"பஸ் நேரம்டி" என்றாள் ரிஹானா. "பஸ் நேரத்தையே பேரா வச்சிருந்துச்சு. கொரியாக்காரனுக்கு ஆறு நாப்பது எங்க தெரியும். இத்தனை வருசம் அது தற்செயல்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துலகூட எழுதல. ஆதாரம் இல்லன்னு."

மெர்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரிஹானாவுக்கும் வந்தது. பதினோரு வருஷம் கழித்து இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

"அது கடைசில ஏன் பட்டுன்னு நின்னுச்சு? கோப்பு கெட்டுப்போச்சுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"பஸ் வந்துரும்ல. ஓடிப்போய் ஏறிட்டா அம்புட்டுத்தான். அப்புறம் என்ன பாட்டு."

கூடத்தின் மூலையில் துணி போர்த்திய கீபோர்டு இருந்தது. மெர்சி துணியை எடுத்துவிட்டு, யோசிக்காமல் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் நாலு தட்டு கேட்டதுமே ரிஹானாவின் இடது கால் தானாக நகர்ந்தது. முப்பத்தாறு வயது, புடவை, போதாததற்கு முழங்கால் வலி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறும் தரையில் ஆடினாள். இடது, இடது, மேல், வலது. அவள் எதையும் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை, கால்களே எல்லாம் தெரிந்து வைத்திருந்தன. டியூஷன் முடிந்து வந்த வியர்வையும், மாடி அறையின் சூடும், கீழே அம்மா தாளிக்கிற வாசனையும் ஒன்றாகத் திரும்பி வந்தன. வேகம் பிடிக்கும் இடத்தில் இரண்டு பேருக்கும் மூச்சிரைத்தது. பட்டென்று நின்றபோது அவள் சரியாகக் கடைசி அம்பின் மேல் நின்றாள்.

அவள் சந்தோஷமாக இருந்தாள். எத்தனையோ வருஷமாக இல்லாத சந்தோஷம் அது. அந்த வேகத்திலேயே சொன்னாள்: "பக்கத்துல ஒம் பேரப் போடுறேன். பட்டைய எடுத்துர்றேன். நான் ஆரம்பிச்ச விக்கி, எவன் கேப்பான்?"

மெர்சி கீபோர்டை அணைத்தாள். "ரசிகர்கள் தாமா செஞ்ச பாட்டு விக்கில வரக்கூடாதுன்னு விதி எழுதுனது யாரு?"

ரிஹானா இழுத்துச் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டாள்.

"எத்தன பேரு பாட்ட அதச் சொல்லி அழிச்சிருப்பே. அவங்களும் யாருக்காச்சும் ஆசையாத்தான் செஞ்சிருப்பாக. ஊருக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணா? அழிச்சுரு."

"அதுதான்டி மொதப் பக்கம்."

"தெரியும். பக்கத்துலதான உக்காந்திருந்தேன்." மெர்சி துணியைத் திரும்பப் போர்த்தினாள். "அது ஒலகத்துக்குச் செஞ்சது இல்ல ரிஹா. ஒருத்திக்குச் செஞ்சது. அவளுக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அது போதும்."

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். ஆறு நாற்பது பஸ்ஸைப் பற்றிக் கேட்டதற்கு, நேரத்தை மாற்றி ரொம்ப நாள் ஆகிறது, இப்போது ஆறேகாலுக்கே போய்விடுகிறது என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ரிஹானா டிபன் பாக்ஸை முதலில் காலி செய்தாள். பிறகு விக்கியைத் திறந்து, விவாதப் பகுதியில் தன் பெயரில் எழுதினாள். இந்தப் பாட்டைச் செய்தவர் என் தோழி. 2014-ல் அவரே வந்து சொன்னார். நான் படிக்காமல் அழித்தேன். பதினாறு வருஷமாக உங்கள் எல்லோரையும் இல்லாத ஒன்றைத் தேட வைத்துவிட்டேன், தவறு என்னுடையது. எழுதி முடித்தபோது காது சூடாக இருந்தது. பத்து நிமிஷத்தில் டோமாஸிடமிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு வரி: 'இல்லாத ஒன்று இல்லையே. அதை நாங்கள் கேட்க முடியுமா?' அதை மெர்சிக்கு அனுப்பினாள். பள்ளத்தூர் வந்தால் கேக்கலாம்னு சொல்லு என்று பதில் வந்தது. அப்படியே மொழிபெயர்த்துப் போட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் செய்தாள். பதினோரு வருஷப் பூட்டைத் திறந்தாள். தான் நீக்கிய அந்தத் திருத்தத்தைத் திரும்ப வைத்தாள். 'இசை: மெர்சி சேசுராஜ், பள்ளத்தூர்' என்று பக்கத்தில் தெரிந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விதிப்படி பக்கத்தை அழித்தாள்.

அழித்த பக்கம் எங்கும் போய்விடாது. உலகத்துக்குத்தான் தெரியாமல் போகும். அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் விக்கியில் ஒரே ஒரு கணக்குக்கு, ரிஹானாவின் கணக்குக்கு மட்டும் இருந்தது. அவள் 2009-ல் உண்டாக்கிய மெர்சியின் பழைய கணக்கைத் தேடி எடுத்து, புதுக் கடவுச்சொல் அனுப்பி, அந்த அதிகாரத்தை அதற்கும் கொடுத்தாள். பிறகு ஒரு முதுகுத்தண்டு ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

அரை மணி கழித்து போன் அதிர்ந்தது. மெர்சி.

"பாத்தேன். முதலில் கண்ட நாள் மார்ச் மூணுன்னு போட்டிருக்க. தப்பு. மூணாந்தேதி கரண்ட் இல்ல, ரெண்டு பேரும் படியில உக்காந்து கடலை தின்னோம். மறுநாதான் ஆடுனே. நாலு."

ரிஹானா படித்தாள். விரல் பழக்கத்தில் ஒரு வார்த்தையை அடித்தது. ஆதாரம்? அடித்துவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று பார்த்தாள். அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "நான்தான்."

அடுத்த ரிப்போர்ட்டுக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் பொறுங்க சார் என்று சொல்லிவிட்டு, ரிஹானா அழித்த பக்கத்தை மீட்டெடுத்து, மூன்றை நான்காக மாற்றி, பக்கத்தை மறுபடியும் அழித்தாள். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில், தேதி சரிசெய்யப்பட்டது, ஆதாரம் மெர்சி என்று எழுதியிருந்தாள்.